யோகட் கோப்பைகளில் பதினொரு விதை

1

இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் நிறைந்த அன்று, காலி யோகட் கோப்பைகளின் அடியில் சூடான ஆணியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வேறு வேலை ஒன்றும் தோன்றவில்லை. வெளியே மாசி மாதத்துப் பனி, காரின் கண்ணாடி வரைக்கும் ஏறி நின்றது. ஆணியை மெழுகுதிரியில் காட்டி, குறட்டால் பிடித்துக் கோப்பையின் அடியில் வைத்தால் சர்ரென்று இறங்கும். வீடு முழுக்கப் பிளாஸ்ரிக் கருகிய வாசனை. தங்கேஸ் இருந்திருந்தால் யன்னலைத் திற என்று கத்தியிருப்பாள்.

தங்கேஸ் என் மனைவி. அப்போது அவள் ஊரில், கல்லடியில் இருந்தாள். தை மாதக் கடைசியில் போனவள். விமான நிலையத்துக்கு இறங்கும்போது, காலணி மாட்டிக்கொண்டே, மடித்த கடதாசிச் சுருள் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஊர்க் கத்தரி. பதினொரு விதை இருக்கு. ஊறப் போட்டு மறுகா நடுங்க. தண்ணி பாத்து ஊத்துங்க. கன்று நாலு இலை விடக்குள்ள நான் வந்திருவன்."

அந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பேர்ண் நகருக்கு வெளியே, மூன்றாம் மாடியில் எங்கள் வாடகை வீடு. அதில் ஒருவன் தனியே இருந்து எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

2

அவள் ஏன் போனாள் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது, கல்லடி வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள், கூரை ஒழுகுகிறது, பார்த்துத் திருத்திவிட்டு வருவாள் என்பது. அது பொய்யல்ல. கூரை உண்மையிலேயே ஒழுகியது.

அந்த வீடு அவளுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்தால் தாய் தகப்பன் அத்திவாரம் வெட்டத் தொடங்குவார்கள். ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒன்று இல்லை, அவன் கட்டுகிறவளின் வீட்டுக்குப் போகிறவன். எங்கள் வீடு என் அக்காவுக்குப் போனது. நான் இருபத்தேழு வயதில் ஒரு சூட்கேசோடு கல்லடிக்குப் போனேன். தங்கேஸ்தான் கதவைத் திறந்தாள். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்தேன். நாலு வருடம் கழித்து அவளும் வந்தாள். மகன் கஜன் இங்கே பிறந்தான்.

போன ஐப்பசியில், சாப்பாட்டு மேசையில், கீரையைப் பிசைந்துகொண்டே நான் ஒரு பேச்சு எடுத்தேன்.

"அந்தக் கல்லடி வீட்டை வித்திடுவமா? சும்மாதானே கிடக்கு. இஞ்ச ஒரு வீடு எடுக்கலாம்."

அவள் என் சோற்றுக் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி விட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் இங்கே இருந்ததில் வீடு என்பது விற்கிற வாங்குகிற சாமான் என்று என் தலையில் ஏறிவிட்டது போலிருக்கிறது. எங்கள் ஊரில் குடித்துவிட்டு வருகிறவன்கூடப் பெண்சாதியின் சீதன வீட்டை விற்பம் என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொல்லமாட்டான். நான் தெளிவாக இருந்து, கீரையும் சோறும் வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

3

விதையை நனைத்த துணியில் கட்டி இணையப் பெட்டியின் மேல் வைத்தேன். அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். இரண்டு நாளில் விதை தடித்தது. கோப்பைக்கு ஒன்றாக நட்டு, ஹீற்றருக்கு மேலே யன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் இன்னும் மூன்று கோப்பையில் கொத்தமல்லி. கொத்தமல்லியைப் போத்தலால் உருட்டி இரண்டாகப் பிளந்துதான் போடவேண்டும், அதையும் மறக்கவில்லை. ஒன்பதாம் நாள் கத்தரி முளைத்தது. பதினொன்றில் ஒன்பது. கூனிக்கொண்டு வந்து, மறுநாள் நிமிர்ந்து, தலையில் இருந்த தோலைக் கழற்றின.

எனக்குப் பொதுவாகவே இருப்புக் கொள்ளாது. வேலையில்லாத நாளில் யன்னலுக்கும் குசினிக்கும் இடையே எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. படம் எடுத்துத் தங்கேசுக்கு அனுப்பினேன். "வடிவா இருக்கு" என்று எழுதினாள்.

காலையில் வேலைக்குப் போகமுதல் ஒரு தரமும், வந்ததும் ஒரு தரமும் தண்ணீர் ஊற்றினேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கல்லடி வீட்டுக்கு நான் போன முதல் வருடம் எனக்கென்று கொடுத்த வேலையே நாற்றுக்குக் கிணற்றில் அள்ளி ஊற்றுவதுதான், விடிய இரண்டு வாளி, பொழுதுபட இரண்டு வாளி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் அது. ஊற்றின தண்ணீர் போன இடம் தெரியாது. ஒரு நேரம் விட்டால் நாற்று மத்தியானமே தலையைத் தொங்கப் போடும். தண்ணீர் ஊற்றுவது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றே இருந்தேன்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு காலை, மூன்று கன்று படுத்துக் கிடந்தது. தண்டு மண்ணோடு தொடுகிற இடத்தில் நூல் மாதிரி மெலிந்திருந்தது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதும் போய்விட்டது. கொத்தமல்லி மட்டும் மஞ்சள் முகத்தோடு நின்றது.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். அங்கே மரியா என்ற போர்த்துக்கல்காரி எனக்குப் பக்கத்தில் காய்கறி வெட்டுகிறவள். ஊருக்கு வெளியே சின்னத் தோட்டம் வைத்திருக்கிறாள். கோப்பை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினேன். அவள் மண்ணை விரலால் அமத்தினாள். விரலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது.

"நீ கன்று வளர்க்கவில்லை. சூப் வைத்திருக்கிறாய்" என்றாள். நானும் அவளும் பேசுவது அரைகுறை ஜெர்மன். ஆனால் அது நன்றாக விளங்கியது.

"எங்கள் ஊரில் இரண்டு நேரம் ஊற்றுவோம்."

"உன் ஊரில் என்ன மண்?"

"மணல்."

"இது பஞ்சு மாதிரி மண். வெயிலும் இல்லை. வாரத்துக்கு இரண்டு தரம் போதும். வேருக்கு மூச்சு வேண்டாமா?"

கோப்பையைக் குப்பையில் போடாமல் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

4

திரும்ப விதை போடலாம் என்று நினைத்தேன். காலம் இருந்தது. தங்கேஸ் விதைகளை எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் ரின்னில், தகரப் பெட்டியில்தான் வைப்பாள். குசினி அலுமாரியின் மேல்தட்டில், மாவுப் பைக்குப் பின்னால் இருக்கும். கத்தரி, கொச்சிக்காய், பாகல், பயிற்றை, கீரை எல்லாம் தனித்தனிக் கடதாசிச் சுருளில், பென்சிலால் பெயர் எழுதி அதற்குள் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் புரட்டாதியில் பல்கனிக் காய்களை முற்றவிட்டு, விதை எடுத்து, சாம்பலில் பிரட்டிக் காயவைத்து அதற்குள் போடுவாள். நான் அதைத் திறந்ததே இல்லை.

கதிரையில் ஏறி எடுத்தேன். கை பாரமில்லாமல் வந்தது. திறந்தால் ஒன்றும் இல்லை. அடியில் கொஞ்சம் சாம்பல் மட்டும்.

கதிரையில் நின்றபடியே நின்றேன். சித்திரையில் பல்கனியில் நடுவதற்குத் திரும்பி வருகிறவள் தையில் விதையை எல்லாம் அள்ளிக்கொண்டு போகமாட்டாள். பதினொரு விதையை எண்ணி எனக்கு வைத்துவிட்டு, மிச்சம் எல்லாம் கொண்டு போயிருக்கிறாள். பாகலைக்கூட விடவில்லை.

அவள் திரும்பி வரப்போவதில்லை. அல்லது வருவதா விடுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் ஒரு வெற்று ரின்னைக் கையில் வைத்துக்கொண்டு பயப்படுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

5

பயந்தவன் என்ன செய்வான்? பொய் சொல்வான். சித்திரையில் பெரிய கடையின் தோட்டப் பிரிவில் கத்தரிக் கன்று வந்தது. ஆறு கன்று வாங்கிவந்து, கடைச் சட்டியிலிருந்து கழற்றி, என் யோகட் கோப்பைகளில் மாற்றி வைத்தேன். வேர் அடங்கவில்லை. பெருவிரலால் அமத்தி அடக்கினேன். பெயர்த் துண்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன்.

"பார், நாலு இலை தாண்டிட்டு" என்றேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கல்லடி வீட்டு வளவு தெரிந்தது. சிரட்டைகள் வரிசையாக இருந்தன. சிரட்டையின் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் அதுவே ஓட்டை, ஆணியும் வேண்டாம் மெழுகுதிரியும் வேண்டாம். கோழி கிளறாமல் மேலே பழைய மீன்வலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"இந்த வலை ஏது?"

"மாங்கேணியில மீன்பிடிக்கிற ஆக்கள் தந்தாங்க. எரு ஓட்டமாவடியில இருந்து லொறியில வந்தது." பிறகு மெதுவாகச் சொன்னாள், "கன்று நல்லாத்தான் இருக்கு. கவனமாப் பாருங்க."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ குறைந்தது. நான் கொத்தமல்லிக்குக் கமெராவைத் திருப்பிவிட்டேன். அவளும் அதைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டாள். எப்ப வாறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

6

வைகாசியில் எங்கள் பகுதி அலுவலகத்துக்கு வேறு ஒரு கடதாசிக்காகப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே, மனைவி எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். எப்போது போனாள் என்றாள். சொன்னேன். அவள் விரலை மடித்து எண்ணினாள்.

தங்கேஸ் இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை. நானும் கஜனும் எடுத்தோம். அவள் மொழிச் சோதனைக்கு இரண்டு தரம் பெயர் கொடுத்து இரண்டு தரமும் போகாமல் விட்டாள். அவளிடம் இருப்பது வதிவிட அட்டை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அட்டை தானாகச் செத்துவிடும். அதற்கு முன் விண்ணப்பித்தால் நீட்டித்துத் தரக்கூடும். அலுவலகப் பெண் படிவம் ஒன்றைத் தந்தாள். ஆடி முடிவதற்குள் கொடுக்கவேண்டும், மனைவி தன் கையால் போட்ட கையொப்பத்தோடு, படப்பிரதி இல்லை, அசல் வேண்டும்.

படிவத்தில் காரணம் கேட்டிருந்தது. படிப்பு, வேலை, நோய், வேறு. வேறு என்பதற்கு இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, திரும்பி வரும் உத்தேசத் திகதி.

கஜன் சூரிச்சில் இருக்கிறான். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். மற்ற நாட்களில் ஏதாவது எழுதிக் கேட்டால் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான். அந்த ஞாயிறு வந்து படிவத்தை வாசித்தான்.

"அம்மாவிட்ட கேட்டீங்களா அப்பா?"

"என்னத்த?"

"வாறாவா இல்லையா எண்டு."

"வருவாதானே."

அவன் படிவத்தை மேசையில் வைத்தான். அவனுடைய தமிழ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும்.

"அம்மா எனக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறா. அங்க அவ சிரிக்கிறா. இங்க அப்பிடி சிரிச்சதை நான் பார்க்கல்ல. நீங்க வீடு விக்கச் சொன்னீங்களாம். அத அவ எனக்கு மூணு தரம் சொல்லிட்டா."

எனக்கு அவள் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. மகனோடு ஒவ்வொரு நாளும் பேசியிருக்கிறாள், அவனுக்கும் அம்மாவோடு பேச நேரம் இருந்திருக்கிறது. நான்தான் கட்டைவிரலோடு இருந்திருக்கிறேன். அவன் போனபிறகு பல்கனியில் நின்று கடைக் கன்றுகளைப் பார்த்தேன். நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்தது.

7

ஆனியில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன். இம்முறை வீடியோ இல்லை. முகத்தைப் பார்த்தால் நான் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"தங்கேஸ், நீ தந்த விதையில வந்த கன்று எல்லாம் செத்துப்போச்சு. பங்குனியிலயே. இது கடையில வாங்கினது."

"தெரியும்."

"எப்பிடி?"

"எங்கட கத்தரிக்குத் தண்டு பச்சை, முள்ளும் இருக்கும். நீங்க காட்டினது ஊதாத் தண்டு, மொழுமொழு எண்டு இருந்தது. இதுகூடவா தெரியாது எனக்கு?" குரலில் கோபம் இல்லை. "ரெண்டு நேரமும் ஊத்தினீங்களாக்கும்."

"ஓம் கா."

"நினைச்சன். ரெண்டு நேரம் வேணாம் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கலாம். சொல்ல மனம் வரல்ல."

 கன்று சாகும் என்று தெரிந்தே விட்டுப்போயிருக்கிறாள். அவ்வளவு கோபம் இருந்திருக்கிறது, நான் அதற்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றிருக்கிறேன்.

"ரின்னைத் திறந்து பாத்தன்" என்றேன்.

அவளுக்குப் பின்னால் காகம் ஒன்று விடாமல் கத்தியது.

"வீட்டை விக்கச் சொன்னது பிழை. அத நான் வாயில எடுத்திருக்கவே கூடாது. என்னில பிழை, தங்கேஸ்."

"அம்மா வயலில நிண்டு உழைச்சுக் கட்டின வீடு" என்றாள். "எனக்கெண்டு தந்தா. நான்தான் உங்களுக்குக் கதவைத் திறந்தன். அந்தக் கதவால வந்தவர் அதையே விப்பம் எண்டா நான் என்ன சொல்ல? சொதிதான் விடலாம்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இருபத்தாறு வருஷம் அங்க இருந்தன். சுவரில ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரனுக்குக் கடிதம் எழுதணும். ஜெர்மன்ல. நீங்க எழுதித் தருவீங்க, இல்லாட்டி கஜன் எழுதித் தருவான். இங்க வந்த அண்டைக்கு மூணு ஆணி அடிச்சன். தேவையில்லாம. சும்மா."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை.

"நீ வராட்டி எனக்கு இஞ்ச இருக்க ஏலாது" என்றேன். "பென்சன் எடுக்க இன்னும் ஆறு வருஷம் இருக்கு. எடுத்த அடுத்த மாசம் அங்கதான் வருவன். உன்ட வீட்டுக்கு. அதுவரைக்கும் நீ வரத்தான் வேணும் எண்டு நான் சொல்லல்ல. ஆனா அட்டையை மட்டும் சாகவிடாத."

"படிவத்தை அனுப்புங்க. பாப்பம்" என்றாள்.

பாப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் எதுவாகவும் இருக்கலாம். படிவத்தைத் திங்கட்கிழமையே அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில், வேறு என்பதற்கு நேரே, அவளுடைய சொந்த வீட்டைத் திருத்துவதற்காக என்று எழுதியிருந்தேன். சொந்த என்ற சொல்லை அடித்து எழுதி, திரும்பவும் அடித்து எழுதினேன்.

8

ஆடி பிறந்தது. தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் திறந்தேன். தபால்காரர் ஒரு தரம்தான் வருவார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பல்கனியில் கடைக் கத்தரி காய்த்தது, நீளமாக, கறுப்பாக, முள்ளில்லாமல். மரியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல காய் என்றாள். நல்ல காய்தான், அதில் ஒரு குறையும் இல்லை.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கூரியரில் உறை வந்தது. நின்ற இடத்திலேயே, படிக்கட்டில் வைத்துக் கிழித்தேன். கையொப்பம் இருந்தது, தமிழில், எழுத்துக்கு எழுத்து நிமிர்த்தி. திகதிக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. படிவத்தோடு குத்தியிருந்த சின்னத் துண்டில் பென்சிலால் எழுதியிருந்தாள். விதைச் சுருளில் பெயர் எழுதுகிற அதே எழுத்து.

"திகதியை நீங்க போடுங்க. நான் போட்டா உங்களுக்குக் கோவம் வரும்."

மேலே ஏறிவந்து பேனையை எடுத்தேன், வைத்தேன். யன்னலுக்கும் குசினிக்கும் இடையே நடந்தேன். எனக்கு வேண்டிய திகதி நாளைக்கு. அவளுக்கு வேண்டிய திகதி எது என்று கேட்காமல் எழுதினால் அது திரும்பவும் அந்த ஐப்பசி மாதத்துச் சாப்பாட்டு மேசைதான். கூப்பிட்டேன்.

"நான் மார்கழியில லீவு எடுத்து வாறன்" என்றேன். "ஒரு மாசம் நிக்கிறன். ஆணி அடிக்கிற வேலை இருந்தா மிச்சம் வையு. மறுகா ரெண்டு பேருமா வருவம். நீ சரியெண்டா மட்டும். மாசி முதலாம் திகதி எண்டு போடட்டா?"

"மாசியில அங்க பனிதானே."

"பனிதான். ஆனா விதை போடுற மாசம்."

பேனையின் மூடியைக் கழற்றி வைத்தேன்.  

"போடுங்க" என்றாள். "விதை நான் கொண்டு வாறன். நீங்க நல்ல மண்ணா ஒரு மூட்டை வாங்கி வையுங்க. தண்ணிப் போத்தலை மட்டும் நீங்க தொடப்படாது."

திகதியை எழுதினேன். படிவத்தைத் தபாலில் விடாமல் நானே கொண்டுபோய் அந்தக் கண்ணாடிக்குக் கீழே கொடுத்தேன். பெண் முத்திரை குத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். மாசிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. மண் மூட்டையை அன்று பின்னேரமே வாங்கிவந்துவிட்டேன்.